தோட்டத்துப் பட்டணத்தில் வீட்டு வாசலிலிருந்தே நெபுலாக்களைப் படம் எடுப்பது: முழு வழிகாட்டி

நெபுலா என்பது விண்வெளியில் இருக்கும் வாயு, தூசு மேகம். மலேசியாவின் பேரா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 4.8 பாகையில் இருக்கிறது. நம் வானத்தில் எது தெரியும், எதைப் பிடிக்க முடியும், எங்கே திணறுவோம் என்பதெல்லாம் இந்த ஒரு எண்ணில் அடங்கிவிடுகிறது. ஐரோப்பாவில் இருப்பவருக்குக் கரினா நெபுலா தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. டாஸ்மேனியாவில் இருப்பவருக்கு வட அமெரிக்கா நெபுலா தலைகாட்டியதும் மறைந்துவிடும். நமக்கு இரண்டுமே கிடைக்கும். ஓரியன் நெபுலாவோ உச்சந்தலைக்கு மேலேயே வந்து நிற்கும்.

ஆனால் கைக்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. துருவ நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டை (கருவியைத் தாங்கி வானத்தோடு சேர்த்துத் திருப்பும் அமைப்பை) சரிசெய், சென்சாரை மைனஸ் 20க்குக் கொண்டுபோ, விடியும்வரை எடு என்பார்கள். நம் ஊரில் துருவ நட்சத்திரம் செம்பனை மரங்களுக்குப் பின்னால் கிடக்கிறது. இரவு 25 டிகிரி வெப்பத்தில் மைனஸ் 20 எட்டாது. விடியும்வரை மேகம் விடாது. அதனால் இங்கே வேலை செய்யும் முறையை, பேராவின் தோட்டத்துப் பட்டணம் ஒன்றில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருப்பவருக்கு ஏற்றபடி, முதலிலிருந்து எழுதுகிறேன். கெடாவிலோ ஜொகூரிலோ இருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் உங்கள் திசைகளை அறிந்துகொள்ளுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால், நிலவில்லாத ஓர் இரவில் வாசலில் கால் மணி நேரம் நின்று கண்ணைப் பழக்குங்கள். எந்தத் திசையில் வானம் வெளிறியிருக்கிறது, எதில் கருத்திருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஊருக்கு நேர் தெற்கே 25 கிலோமீட்டர் வாக்கில் ஈப்போ. தெற்கு வானத்தின் அடிப்பகுதி முழுக்க அதன் வெளிச்சம்தான். மேற்கே கோலகங்சார் கொஞ்சம் வெளிறச் செய்யும். கிழக்கும் வடகிழக்கும், லாசா பக்கம் மலையும் காடும் என்பதால், நன்றாகவே இருட்டியிருக்கும். ஆக, உதித்து ஏறிவரும் பொருட்களை எடுப்பது இங்கே லாபம். கரினா மாதிரி தெற்கே தாழ்வாக இருப்பவற்றுக்கு மட்டும் ஊர்வெளிச்சத்தைத் தடுக்கும் ஃபில்டர் தேவைப்படும். உங்கள் ஊரில் இந்தக் கணக்கு வேறாக இருக்கும். பக்கத்துப் பெரிய பட்டணம் எந்தப் பக்கம், செம்பனை ஆலை எந்தப் பக்கம், பாசார் மாலாம் (இரவுச் சந்தை) எந்தக் கிழமை போடுகிறார்கள் என்பதெல்லாம் இந்த வேலைக்கு உண்மையிலேயே பயன்படும் தகவல்கள்.

வாசலுக்கு நேரே தெருவிளக்கு இருந்தால் வீட்டின் பின்பக்கம் போய்விடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் “ராத்திரி ரெண்டு மணி நேரம் போர்ச் விளக்கை அணைச்சு வைக்க முடியுமாக்கா?” என்று கேட்பது எந்த ஃபில்டரையும்விட மலிவு. முதல் படத்தை அவரிடம் காட்டிவிட்டால் அடுத்த முறை கேட்க வேண்டியதே இருக்காது. இருட்டுக்காகச் செம்பனைத் தோட்டத்துக்குள் தனியாகப் போகாதீர்கள். எலியைத் தேடி அங்கே பாம்பு வரும். மேலும் அது ஒருவருடைய நிலம்.

எதை, எந்த மாதத்தில்

அமாவாசை எப்போது என்று வீட்டு நாள்காட்டியைப் பார்த்தாலே போதும். அதற்கு முன் ஏழு நாள், பின் ஐந்து நாள், இதுதான் உங்கள் காலம். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் அந்த வாரத்தில் கருவிகளைத் துடைத்து வைக்கலாம். தீபாவளி அமாவாசையை ஒட்டி வந்தாலும் மழையும் பட்டாசுப் புகையும் சேர்ந்துகொள்ளும்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் மேற்குக் கரைக்குப் பரவாயில்லாத காலம். வடகிழக்குப் பருவமழையின் பெரும் பாரத்தைக் கிழக்குக் கரை வாங்கிக்கொள்கிறது. அப்போது ஓரியன் நெபுலா எம் 42 (எம் என்பது மெஸ்ஸியே பட்டியலின் எண்), குதிரைத்தலை, ரோசெட் மூன்றும் கிடைக்கும். எம் 42 ஏறக்குறைய 1,350 ஒளியாண்டு தூரத்தில் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம். வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். தொடங்குபவர் இதை விட்டு வேறெதிலும் கை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஏப்ரல் நடுவில் இரவு பத்தரை வாக்கில் கரினா தெற்கே உச்சத்துக்கு வரும். அந்த உச்சமே அடிவானத்திலிருந்து 25 பாகைதான். ஏப்ரல், மே பருவமாற்றக் காலம், மாலையில் இடிமழை வழக்கம். ஆனாலும் நல்ல மழை அடித்து ஓய்ந்தபின் காற்று கழுவி விட்டதுபோல் இருக்கும். அன்றைக்கு மேகம் விலகினால் கரினாவை விடாதீர்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவம், மழை குறைவு. தனுசு ராசிப் பக்கம் பால்வீதியின் நடுப்பகுதி தலைக்கு மேல் வரும். லகூன் எம் 8, டிரிஃபிட் எம் 20, கழுகு எம் 16, அன்னம் எம் 17 எல்லாம் ஒரே பகுதியில் வரிசையாக நிற்கும். ஜூலை நடுவில் லகூன் நள்ளிரவை ஒட்டி 61 பாகை உயரத்தில் இருக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் இதைக் கூரை விளிம்பில்தான் பார்க்கிறார்கள். இந்தக் காலத்தின் ஒரே பகை புகைமூட்டம். காற்றுத் தூய்மைக் குறியீடு 50க்குக் கீழே இருந்தால் தைரியமாக எடுங்கள். 100ஐத் தாண்டினால் கருவியை வெளியே எடுக்கவே வேண்டாம். புகைத்துகள் ஒளியைச் சிதறடிப்பதோடு லென்ஸிலும் படியும்.

செப்டம்பருக்குப் பிறகு வட அமெரிக்கா நெபுலாவும் ஹெலிக்ஸும். மழை அதிகம், பொறுமை வேண்டும்.

கருவி: மூன்று வழிகள்

முதல் வழி, கையில் இருக்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமரா, ஒரு லென்ஸ், முக்காலி. 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தாலும் சென்சாரின் கிராப் அளவாலும் (முழு அளவு சென்சாரைவிட எத்தனை மடங்கு சிறியது என்ற எண்) வகுத்தால், நட்சத்திரம் கோடாகாமல் எத்தனை விநாடி எடுக்கலாம் என்று கிடைக்கும். 135 மி.மீ. லென்ஸ், 1.5 கிராப் கேமரா என்றால் இரண்டரை விநாடி. வான நடுக்கோட்டுக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) அருகில் நட்சத்திரங்கள் வேகமாக நகர்வதால் ஓரியனுக்கு இதிலும் பாதியை வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு விநாடி, எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600, ஐந்நூறு படம். இவற்றைக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினால் எம் 42இன் சிறகுகள் உறுதியாகத் தெரியும்.

இரண்டாவது, சீஸ்டார், டுவார்ஃப் போன்ற சிறு தானியங்கித் தொலைநோக்கிகள். சீஸ்டார் எஸ்50 என்பது 50 மி.மீ. வில்லையும் 250 மி.மீ. குவியத் தூரமும் கொண்டது. நெபுலாவுக்கான ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது. தானே பொருளைத் தேடி, தானே குவியம் பார்த்து, படங்களை அடுக்கியும் கொடுத்துவிடும். இரண்டு மணி நேரத் தெளிவான வானம் மட்டும் கிடைக்கும் நம் ஊருக்கு, அமைக்க ஐந்து நிமிடம் போதும் என்பது பெரிய வசதி. இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்றாவது, பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் மவுண்ட், 250 முதல் 400 மி.மீ. வரையிலான சிறு ரிஃப்ராக்டர் (வில்லைத் தொலைநோக்கி), குளிரூட்டிய வண்ணக் கேமரா. 250 மி.மீ. குவியத் தூரத்தில் ஏ.பி.எஸ்.சி. (1.5 கிராப்) அளவு சென்சார் ஏறக்குறைய 5.4க்கு 3.6 பாகை வானத்தைப் பிடிக்கும். லகூனும் டிரிஃபிட்டும் ஒரே படத்தில் தாராளமாக அடங்கும். பெரிய தொலைநோக்கிக்கு ஆசைப்படாதீர்கள். நெபுலாக்கள் பெரியவை. குறைந்த குவியத் தூரம் பிழைகளையும் மறைத்துக்கொடுக்கும்.

சாதாரண கேமராவைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நெபுலாவின் சிவப்பு, ஹைட்ரஜன் வாயு 656.3 நானோமீட்டரில் விடும் ஒளி. கேமராவின் உள்ளே இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு அந்த ஒளியின் பெரும்பகுதியையும் சேர்த்தே தடுத்துவிடும். ஓரியனும் கரினாவும் பிரகாசமானவை என்பதால் தப்பித்துக்கொள்ளும். ரோசெட், குதிரைத்தலை இரண்டும் அந்தத் தடுப்பை மாற்றியமைத்த கேமரா இல்லாமல் சோர்ந்துதான் வரும்.

ஃபில்டர் விஷயத்தில், இரட்டைப் பட்டை ஃபில்டர் ஒன்று போதும். ஹைட்ரஜனின் 656.3, ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் ஒளிகளைச் சுற்றி ஒரு குறுகிய இடைவெளியை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும். சோடியம் விளக்குக் காலத்தில் வந்த பழைய வகை ஃபில்டர்கள், எல்லா நிறத்திலும் ஒளிவிடும் எல்.இ.டி. தெருவிளக்குக்கு முன்னால் அவ்வளவாக உதவாது. அதேசமயம் டிரிஃபிட்டின் நீலப் பகுதியும் கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள தூசும் நட்சத்திர ஒளியைப் பிரதிபலிப்பவை. அவற்றுக்கு இந்த ஃபில்டரைப் போட்டால் நீலமே செத்துவிடும்.

ஈரம்

இந்த இடத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகக் கவனம் வைக்க வேண்டும். இரவில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே சாதாரணம். வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை மேலே இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் கொஞ்சம் குளிர்ந்ததுமே பனி படிந்துவிடும். படம் மெல்ல மங்கும், நட்சத்திரங்கள் ஊதிப்போகும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் படும்.

லென்ஸின் முன்விளிம்பைச் சுற்றிக் கட்டும் சூடேற்றும் பட்டை வாங்குங்கள். எந்த ஃபில்டருக்கும் முன்னால் இதுதான் வாங்க வேண்டிய பொருள். பனி படிந்த பிறகு போடாமல் முதல் நிமிடத்திலிருந்தே குறைந்த சூட்டில் ஓட விடுங்கள். கூடவே, லென்ஸுக்கு முன்னால் ஒரு நீளமான மறைப்பு இருக்கட்டும். கறுப்பு யோகா பாயைச் சுருட்டி ஒட்டினாலும் சரி.

ஏர்கான் அறையில் இருந்த கருவியை நேராக வெளியே கொண்டுவந்தால் உடனே வியர்க்கும். பையைத் திறக்காமலேயே அரை மணி நேரம் போர்ச்சில் வைத்துவிட்டு, அப்புறம் எடுங்கள். முடித்து உள்ளே கொண்டுபோனதும் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வசதியிருந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் உலர்பெட்டி. ஈரத்தோடு மூடி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடித்தால் அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.

கொசுவத்தி கொளுத்துவதானால் காற்று கருவியிலிருந்து உங்கள் பக்கம் வீசும்படி பார்த்து வையுங்கள். மின்சாரத்துக்கு வீட்டிலிருந்து நீட்டிப்புக் கம்பி இழுப்பதைவிட 12 வோல்ட் பாட்டரி நல்லது. மவுண்ட், கேமராக் குளிரூட்டி, சூடேற்றும் பட்டை எல்லாம் சேர்ந்து 40 வாட் என்று வைத்துக்கொண்டால், 20 ஆம்பியர் மணி லித்தியம் பாட்டரி நான்கைந்து மணி நேரம் தாராளமாகத் தாங்கும். மின்னல் அதிகம் விழும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. தூரத்தில் இடி கேட்டாலே எல்லாவற்றையும் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடுங்கள். மழை வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

துருவம் தெரியாமல் மவுண்டைச் சரிசெய்வது

மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். துருவ நட்சத்திரம் நமக்கு 5 பாகை உயரத்தில், தடித்த காற்றுக்கும் மரங்களுக்கும் பின்னால் இருப்பதால், அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் மவுண்டின் உயரக் கோணத்தை உங்கள் ஊரின் அட்சரேகைக்கு வையுங்கள். கைப்பேசியில் இருக்கும் மட்டக்கோல் செயலி போதும். பிறகு திசைகாட்டியால் வடக்கைப் பிடியுங்கள். தீபகற்ப மலேசியாவில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வேறுபாடு மிகச் சிறிது. இது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், பல நாடுகளில் பத்துப் பாகைக்கு மேல் திருத்த வேண்டியிருக்கும். கைப்பேசியை இரும்பு முக்காலிக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள், முள் ஏமாற்றும்.

அடுத்து நுண்ணிய சரிசெய்தல். நீனா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளித் துருவச் சீரமைப்பு என்ற துணைச்செயலி உண்டு. வானத்தின் எந்தப் பகுதியிலாவது மூன்று இடங்களில் படம் எடுத்து, நட்சத்திர அமைப்பை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதுவே சொல்லும். திருகுகளைத் திருப்பத் திருப்ப எண் குறையும். மவுண்டையும் கேமராவையும் இயக்கும் ஏஸைஏர் என்ற சிறு கணினிப் பெட்டியிலும் இதே வசதி இருக்கிறது. கணினியே வேண்டாம் என்றால் பழைய நகர்வு முறை. தலைக்கு மேலே வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நட்சத்திரம் ஒன்றைச் சில நிமிடம் பாருங்கள். அது வடக்கிலோ தெற்கிலோ நழுவினால் திசையில் பிழை. கிழக்கே தாழ்வாக உள்ள நட்சத்திரம் அப்படி நழுவினால் உயரத்தில் பிழை.

இன்னொரு சிக்கல், நம் ஊரில் மவுண்டின் அச்சு கிட்டத்தட்டப் படுத்தேவிடுவதால் பாரம் வடக்குப் பக்கம் சாயும். முக்காலியின் ஒரு காலை வடக்கு நோக்கி வையுங்கள். அப்போது எதிர்எடைத் தண்டு அந்தக் காலில் இடிக்கப் பார்க்கும். நடுவில் ஒரு நீட்டிப்புத் தூண் வைத்தால் தீரும். எதிர்எடையே வேண்டாத ஹார்மோனிக் வகை மவுண்டுகள் இந்த வகையில் நமக்கு மிகவும் ஏற்றவை.

தானியங்கித் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் மேல்கீழ், இடவலமாக மட்டும் திரும்பும் கருவியில் படம் மெல்லச் சுழலும். அந்தச் சுழற்சியின் வேகம் நீங்கள் எந்தத் திசையைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் நேர் கிழக்கிலோ மேற்கிலோ அது ஏறக்குறைய இல்லை. ஜனவரி நடுவில் இரவு எட்டே முக்காலுக்கு ஓரியன் கிழக்கே 50 பாகை உயரத்தில் இருக்கும்போது சுழற்சி மணிக்கு 6 பாகைதான். பதினொன்றே கால் வாக்கில் அதே ஓரியன் உச்சிக்கு வரும்போது மணிக்கு 80 பாகைக்கும் மேல். எனவே முதல் ஒன்றரை மணி நேரம் எடுங்கள், உச்சிக்கு வரும்போது நிறுத்தி காப்பி குடியுங்கள், மேற்கே இறங்கியதும் தொடருங்கள். சீஸ்டாரைச் சாய்த்து வைத்து எடுக்கும் முறை இதைத் தீர்க்கும்தான், ஆனால் நம் அட்சரேகையில் கருவியைக் கிட்டத்தட்டப் படுக்கவைக்க வேண்டும். உறுதியான முக்காலி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

எடுக்கும் இரவு

பிற்பகலிலேயே ஹிமாவாரி செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக வரும். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்தால் இரவைக் கணிக்கலாம்.

குவியம் பார்க்கப் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றின் மேல் லென்ஸைத் திருப்பி, கோடுகோடாகப் பிளவு வெட்டிய பாஹ்தினோவ் மறைப்பை முன்னால் மாட்டுங்கள். மூன்று கதிர்கள் தெரியும். நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரியாக மத்தியில் நின்றால் குவியம் சரி. தடித்த அட்டையில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். குளிர் நாடுகளில் வெப்பம் இறங்க இறங்க ஒவ்வொரு மணிக்கும் குவியத்தைத் திருத்துவார்கள். நம் இரவுகளில் வெப்பம் அதிகம் மாறாததால் ஓரிரு முறை பார்த்தால் போதும்.

மவுண்ட் இருந்தால் ஃபில்டரோடு 120 முதல் 180 விநாடி, ஃபில்டர் இல்லாமல் 30 முதல் 60 விநாடி எடுங்கள். எம் 42இன் நடுவில் இருக்கும் டிரபீசிய நட்சத்திரங்கள் வெந்துபோகாமல் இருக்க ஐந்து விநாடிப் படங்களும் தனியாக ஓர் இருபது வேண்டும். சில படங்களுக்கு ஒருமுறை படச்சட்டத்தைச் சில பிக்சல்கள் நகர்த்தச் சொல்லி மென்பொருளில் அமைத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் கோடுகள் அடுக்கும்போது கலைந்துவிடும்.

சென்சாரின் சூடு 6 டிகிரி ஏறினால் இருள்மின் இரைச்சல் (ஒளி படாதபோதும் சென்சாரில் எழும் புள்ளிகள்) ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிரூட்டும் கேமரா சுற்றுவெப்பத்திலிருந்து 30, 35 டிகிரிதான் இறக்கும். அதனால் 0 டிகிரியில் வைத்து வருடம் முழுக்க அதையே கடைப்பிடியுங்கள். அதே அளவில் மூடி போட்டு எடுத்த இருள்படங்கள், இந்த இரைச்சலைக் கழிக்க எல்லா இரவுக்கும் உதவும். டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள், மேகம் மூடும் நேரத்தில் மூடியைப் போட்டு அதே விநாடி, அதே ஐ.எஸ்.ஓ.வில் இருபது முப்பது இருள்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அதற்கு மேகம் தாராளமாக நேரம் கொடுக்கும். கருவியைக் கழற்றுமுன், குவியத்தை மாற்றாமல், லென்ஸின் மேல் வெள்ளை டீ சட்டையை இறுக்கிக் கட்டி, ஒரே சீரான வெளிச்சத்தில் இருபது சமன்படமும் வேண்டும். மூலை இருட்டும் தூசுப் புள்ளியும் இதில்தான் போகும்.

எவ்வளவு நேரம் சேர்க்க வேண்டும்? எம் 42க்கு ஒரு மணி நேரத்திலேயே மகிழ்ச்சி கிடைக்கும். லகூனுக்கும் கரினாவுக்கும் மூன்று. ரோசெட்டுக்கு ஐந்தாறு. இரைச்சல் பாதியாகக் குறைய நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பது மாறாத கணக்கு. இதை ஒரே இரவில் எதிர்பார்க்காதீர்கள். ஓரிரவில் ஐந்து பொருளைத் தொட்டு ஐந்தையும் அரைகுறையாக விடுவதைவிட, கிடைக்கும் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தையெல்லாம் ஒரே நெபுலாவுக்குக் கொடுங்கள். நான்கு இரவு சேர்ந்தால் எட்டு மணி நேரம். மேகம் மிகுந்த நாட்டில் ஆழமான படம் எடுக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

அடுக்கிச் செப்பனிடுவது

படங்களை அடுக்கும் சிரில் என்ற மென்பொருள் இலவசம், தமிழ் மட்டும் தெரிந்தவரும் நான்கைந்து பொத்தான்களில் பழகிக்கொள்ளலாம். வான்படம், இருள்படம், சமன்படம், குறும்படம் நான்கையும் அது கேட்கும் பெயருள்ள நான்கு கோப்புறைகளில் போட்டு, வண்ணக் கேமராவுக்கான ஸ்கிரிப்டை (தானே ஓடும் கட்டளைத் தொகுப்பை) ஓட்டினால் அடுக்கிய படம் வரும். குறும்படம் என்பது மூடி போட்டபடி, கேமராவின் மிகக் குறைந்த நேரத்தில் எடுப்பது. இரட்டைப் பட்டை ஃபில்டர் போட்டிருந்தால் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துத்தரும் ஸ்கிரிப்டும் உண்டு.

அடுக்கிய படம் கறுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இன்னும் விரிக்கவில்லை, அதாவது மங்கலான பகுதிகளைப் பிரகாசமாக்கவில்லை. முதலில் ஓரங்களை வெட்டுங்கள். அப்புறம் கிராக்ஸ்பெர்ட் என்ற மென்பொருளைக் கொண்டு பின்னணி வெளிச்சத்தை நீக்குங்கள், ஈப்போவின் சாயல் இங்கேதான் போகும். பிறகு நிறச் சமன்பாடு, அதற்குப் பிறகே விரிப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். விரிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாக. பின்னணியை முழுக்கறுப்பாக்கினால் நெபுலாவின் மெல்லிய வெளிப்பகுதியும் அதோடு போய்விடும். கரும்சாம்பலாக விடுங்கள். ஸ்டார்நெட் என்ற மென்பொருளைக் கொண்டு நட்சத்திரங்களைத் தனியாகப் பிரித்து, நெபுலாவை மட்டும் விரித்து, மறுபடி சேர்த்தால் தனுசுப் பக்கத்து நெரிசலான படங்களில் நெபுலா அமுங்கிப்போகாது.

மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். எத்தனை விநாடி, எந்த ஃபில்டர், சென்சார் வெப்பம் என்ன, கேமரா எந்தக் கோணத்தில் இருந்தது என்று கோப்புறையிலேயே எழுதி வையுங்கள். இந்த ஜூலையில் மூன்று மணி நேரத்தோடு புகைமூட்டம் வந்து நின்ற லகூனுக்கு, அடுத்த ஜூலையில் அதே லென்ஸ், அதே கோணத்தில் எடுத்ததைச் சேர்த்து அடுக்கலாம். சிரிலுக்கு இரண்டும் ஒன்றுதான்.